நிர்வாகத்தில் யார்? மொன்றியலின் சமூக நிலையங்களும் தமிழர்களும்



சமூக மாற்றத்துக்கும் எல்லோரையும் அரவணைத்துச் செல்வதற்கும் நம் நகரில் என்னென்ன வளங்கள் இருக்கின்றன என்று பேசும்படி இந்தக் கூட்டத்தை நடத்துபவர்கள் என்னைக் கேட்டார்கள். நிலையங்களின் பெயர், முகவரி, திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றை அச்சிட்டு வாசலில் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரு பிரதி எடுத்துச் செல்லுங்கள். இந்த ஒரு மணி நேரத்தை நான் வேறொரு கேள்விக்குச் செலவிட விரும்புகிறேன். அந்த நிலையங்களை நடத்துகிறவர்கள் யார்? அவற்றின் நிர்வாக சபையில் அமர்ந்து வரவுசெலவைத் தீர்மானிக்கிறவர்கள் யார்? நாற்பது ஆண்டுகளாக நாங்கள் அந்த வாசல்களில் நுழைந்திருக்கிறோம். நுழைந்து, வேலை முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கிறோம். நிர்வாக சபைக் கூட்டத்தில் தமிழ் முகங்கள் மிகக் குறைவு. எனக்குப் பெரிய கவலையாக இருப்பது இதுதான்.

நமது கதையிலிருந்தே தொடங்குகிறேன். 1986 ஓகஸ்ற் 11ஆம் திகதி நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். கஸ் டோல்ற்றன் என்ற மீன்பிடிக் கப்டன் அவர்களைக் கண்டு தன் படகில் ஏற்றினார். உதவிக்கு வேறு படகுகளும் வந்தன. சென் ஜோன்ஸ் நகரில் மெமோறியல் பல்கலைக்கழக விடுதியில் அவர்களைத் தங்கவைத்து, ஒரு வருட அனுமதி கொடுத்தார்கள். பெரும்பாலானோர் ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் இந்தியாவிலிருந்து அல்ல, மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்று தெரியவந்ததும் பொதுமக்களின் ஒரு பகுதி கடுங்கோபம் கொண்டது. திருப்பி அனுப்பச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. அதே ஆண்டு நவம்பரில்தான் ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகரகம் தன் நான்சன் விருதைக் கனடிய மக்கள் அனைவருக்குமாக வழங்கியது. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில் இரண்டு முகங்களையும் பார்த்தோம்.

அந்த 155 பேரைத் திருப்பி அனுப்ப முடியாதபடி செய்தது கப்டனின் இரக்கம் மட்டுமில்லை. அதற்கு முந்திய ஆண்டு, 1985 ஏப்ரல் 4ஆம் திகதி, கனடிய உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. கனடிய மண்ணில் நிற்கும் எவருக்கும் உரிமைகள் சாசனத்தின் பாதுகாப்பு உண்டு. அகதிக் கோரிக்கையாளர் தன் கதையை நேரில், வாய்மொழியாகச் சொல்ல இடமளிக்க வேண்டும். இதுதான் தீர்ப்பின் சாரம். வழக்காடியவர்களில் பெரும்பாலோர் சீக்கியர். கனடிய சீக்கியச் சங்கங்களின் சம்மேளனமும் கனடியத் திருச்சபைகள் பேரவையும் வழக்கில் சேர்ந்து வாதாடின. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் இலங்கைத் தமிழர் எவரும் இல்லை. ஆனாலும் இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் எத்தனையோ பேர் அகதிக் கோரிக்கையைத் தீர்மானிப்பவர் முன் உட்கார்ந்து தங்கள் கதையை முழுதாகச் சொல்ல முடிந்தது அந்தத் தீர்ப்பினால்தான்.

நாங்கள் வந்து இறங்கிய மொன்றியலிலும் வாசல்கள் முன்கூட்டியே திறந்திருந்தன. கோட்-டெ-நேஜ் பகுதியில் புறொஜெக்ட் ஜெனசிஸ் என்ற நிலையம் 1970களிலேயே தொடங்கப்பட்டுவிட்டது. யூத சமூகத்திலிருந்து வந்த ஜிம் ரொர்சினர் என்ற சமூகப்பணிப் பேராசிரியர் தொடங்கிய அந்த நிலையத்தில் யாரும் முன்பதிவு இல்லாமல் உள்ளே போய், வந்த கடிதத்தைக் காட்டி, இதற்கு என்ன செய்வது என்று கேட்கலாம். எந்த மதம், எந்த நாடு என்ற கேள்வி இல்லை. 1981இல் தென்னாசியப் பெண்கள் சமூக நிலையம் உருவானது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, வங்காளதேசம் என்று நாட்டுக்கு நாடு பகை மூண்டிருந்த காலத்திலும் அந்த நாடுகளிலிருந்து வந்த பெண்கள் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். கணவனின் அடிக்குப் பயந்து வந்தவளுக்கு அவளுடைய மொழியிலேயே பேச ஆள் வைத்தார்கள். நம் சங்கங்கள் அதைப் பற்றி வாய் திறக்கத் தயங்கிய காலத்தில் அவர்கள் செய்த வேலை அது.

இனி நகரின் தென்மேற்குக்கு வாருங்கள். லஷீன் கால்வாயின் ஓரத்தில் இருக்கிறது புவாந்த்-சென்-ஷார்ள். 1825இல் கால்வாய் திறந்தபின் அதைச் சுற்றித் தொழிற்சாலைகள் எழுந்தன. ஐரிஷ்காரரும் பிரெஞ்சுக் கனடியரும் அங்கே உழைத்தார்கள். 1959இல் சென் லோறன்ஸ் கடல்வழி திறந்ததும் கால்வாய்க்கு வேலை குறைந்தது. 1970இல் கப்பல் போக்குவரத்து நின்றது. தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. வேலையும் இல்லை, வைத்தியரும் இல்லை. கியூபெக்கில் அரசு மருத்துவக் காப்புறுதி 1970 நவம்பரில்தான் வந்தது என்பதை இளையவர்கள் நினைவில் வையுங்கள். அதற்கு முன் வைத்தியரிடம் போவதென்றால் கையில் காசு வேண்டும்.

1968இல் மக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து மருத்துவ மாணவர் சிலர் அந்தப் பகுதிக்குப் போனார்கள். அவர்களோடு வேறு துறை மாணவர்களும் சேர்ந்தார்கள். மலையடிவாரத்து வசதியான வளாகத்திலிருந்து இறங்கிப் போன பிள்ளைகள். அப்பகுதி மக்களோடு சேர்ந்து ஒரு சிறு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார்கள். இத்தகைய கதைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி முடியும். படித்தவர்கள் வருவார்கள், சேவை செய்வார்கள், படிப்பு முடிந்ததும் போய்விடுவார்கள், நிலையம் மூடப்படும். இங்கே அப்படி நடக்கவில்லை. அந்தத் தெருக்களில் வாழ்ந்தவர்கள், பெரும்பாலும் பள்ளிப்படிப்பையே முடிக்காதவர்கள், நிலையத்தின் நிர்வாகம் எங்கள் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். மாணவர்கள் அதற்கு உடன்பட்டார்கள். எப்போது திறப்பது, யாரை வேலைக்கு எடுப்பது, எந்த நோய்க்கு முதலிடம் கொடுப்பது என்பதையெல்லாம் அங்கே வாழும் மக்கள் தீர்மானித்தார்கள். வைத்தியர் வைத்தியம் பார்த்தார். நான் இந்த வரலாற்றைப் பேசும்போதெல்லாம் அந்த மாணவர்களின் அந்த ஒரு முடிவையே அதிகம் மதிக்கிறேன். மருந்து கொடுப்பதைவிடப் பொறுப்பைக் கையளிப்பது கடினம். நல்ல மனதுள்ள படித்தவர்களுக்கு அது இன்னும் கடினம்.

1971இல் கியூபெக் அரசு புதிய சுகாதாரச் சட்டம் கொண்டுவந்து மாகாணம் முழுதும் உள்ளூர்ச் சமூக சேவை நிலையங்களை அமைக்கத் தொடங்கியது. நாமெல்லாம் பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகும் சீ.எல்.எஸ்.சி.தான் அது. புவாந்த்-சென்-ஷார்ள் நிலையம் அதற்கு ஒரு முன்மாதிரி. ஆனால் முன்மாதிரியாக இருந்த நிலையமே அரசு அமைப்புக்குள் கரைந்துபோக மறுத்துவிட்டது. அரசின் பணத்தையும் பொறுப்பையும் ஏற்றார்கள். நிர்வாக சபையை விட்டுக்கொடுக்கவில்லை. பல அரசாங்கங்கள் மாறின, சுகாதாரத் துறை பல தடவை கலைத்து அடுக்கப்பட்டது. இன்றும் அந்த நிலையத்தின் நிர்வாக சபையை அப்பகுதி மக்களே பொதுக்கூட்டத்தில் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அந்தப் பழக்கம் வைத்தியத்தோடு நிற்கவில்லை. 2000களின் நடுவில் அதே பகுதியில் பெரிய சூதாட்ட மாளிகை ஒன்றைக் கட்டத் திட்டம் வந்தபோது, அதனால் வரக்கூடிய கடனையும் நோயையும் குடும்பச் சண்டையையும் எடுத்துச் சொல்லி மக்கள் எதிர்த்தார்கள். 2006இல் திட்டம் கைவிடப்பட்டது. பழைய ரயில்வேப் பணிமனைக் கட்டடம் ஒன்றைப் பல ஆண்டுகள் போராடிப் பெற்றார்கள். 2018இல் பட்டிமான் செட், அதாவது ஏழாம் கட்டடம், என்ற பெயரில் அது பொது இடமாகத் திறந்தது. உள்ளே மளிகைக் கடை இருக்கிறது, பட்டறைகள் இருக்கின்றன. கூட்டம் போட்டு முடிவெடுத்துப் பழகியவர்களுக்குத்தான் இவ்வளவும் முடியும்.

இவ்வளவு சொன்னபின், தானே நடத்திக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வருவதாக நினைக்க வேண்டாம். அதே தென்மேற்கில், கொஞ்சத் தூரத்தில், லிற்றில் பேகண்டி இருக்கிறது. ரயிலில் படுக்கை விரிக்கும் சுமைதூக்கிகளாகக் கறுப்பின ஆண்களை மட்டுமே வேலைக்கு வைத்த காலம். அந்தத் தொழிலாளரும் அவர்களுடைய குடும்பங்களும் 1907இல் யூனியன் தேவாலயத்தைக் கட்டியெழுப்பினார்கள். அதற்கு முன்பே, 1902இல், கறுப்பினப் பெண்கள் தங்களுக்கென ஒரு கழகத்தை அமைத்திருந்தார்கள். 1927இல் அந்தத் தேவாலயத்திலிருந்து சமூக நிலையம் ஒன்று பிறந்தது. பிள்ளைகள் அங்கே பாடம் படித்தார்கள், இசை கற்றார்கள். உலகம் கொண்டாடிய பியானோக் கலைஞர் ஒஸ்கார் பீற்றர்சன் அந்தத் தெருக்களின் பிள்ளை.

முழுக்க முழுக்கத் தங்கள் உழைப்பால் கட்டியது, தாங்களே நடத்தியது. பிறகு என்ன நடந்தது? 1960களிலும் 70களிலும் நகரச் சீரமைப்பு என்ற பெயரிலும் வில்-மரி அதிவேக வீதிக்காகவும் அங்கே வீடுகளை இடித்தார்கள். மக்கள் நகரின் நாலு திக்கிலும் சிதறினார்கள். உறுப்பினர் சிதறியபின் நிலையத்துக்கு வருமானம் ஏது? 1990ஐ ஒட்டி அதன் கதவு மூடியது. கட்டடம் கால் நூற்றாண்டு பூட்டிக் கிடந்தது. 2014இல் சுவரொன்று சரிந்தது, அதே ஆண்டு முழுவதையும் இடித்துவிட்டார்கள். அந்தக் காலம் முழுவதும் நகரின் மற்றச் சமூகங்கள் எங்கே நின்றன? நாமும் அப்போது இந்த நகரில் இருந்தோம். நமக்கு அது செய்தியாகக்கூடப் பட்டதில்லை. உள்ளே இருப்பவர்கள் நடத்த வேண்டும், வெளியே இருப்பவர்கள் துணை நிற்க வேண்டும். ஒன்று இல்லாவிட்டால் மற்றது நெடுநாள் தாங்காது என்பதற்கு அந்த நிலம் சாட்சி.

துணை நிற்பதற்கு ஒரு விலையும் உண்டு. 1968இல் சேர் ஜோர்ஜ் வில்லியம்ஸ் பல்கலைக்கழகத்தில் கரிபியன் தீவுகளிலிருந்து வந்த ஆறு மாணவர்கள், உயிரியல் விரிவுரையாளர் ஒருவர் கறுப்பின மாணவர்களுக்கு வேண்டுமென்றே குறைந்த புள்ளி போடுகிறார் என்று முறையிட்டார்கள். பல்கலைக்கழகம் மாதக்கணக்கில் இழுத்தடித்தது. விசாரணைக் குழு அமைந்த விதத்தை மாணவர்கள் ஏற்கவில்லை. 1969 ஜனவரி 29ஆம் திகதி ஹோல் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியிலிருந்த கணினி நிலையத்துக்குள் மாணவர்கள் புகுந்து அமர்ந்தார்கள். கறுப்பின மாணவர்களோடு வெள்ளை மாணவர்களும் அமர்ந்தார்கள். இரண்டு வாரம் அமைதியாக இருந்தது. பெப்ரவரி 11ஆம் திகதி பொலிஸ் உள்ளே வந்தது. தீப்பிடித்தது. உள்ளே மாணவர் புகையில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, கீழே தெருவில் நின்ற கூட்டத்தில் சிலர் இனவெறிக் கோஷம் போட்டார்கள். 97 பேர் கைதானார்கள்.

அவர்களில் றோசி டக்ளஸ் சிறை சென்று, நாடுகடத்தப்பட்டு, 2000ஆம் ஆண்டில் டொமினிக்காவின் பிரதமரானார். ஆன் கூல்ஸ் 1984இல் கனடிய செனட்டரானார். அந்தப் பல்கலைக்கழகம் 1974இல் லொயோலாக் கல்லூரியோடு இணைந்து கொன்கோர்டியா ஆயிற்று. நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் படித்த அதே கொன்கோர்டியா. 2022 ஒக்ரோபர் 28ஆம் திகதி அதன் தலைவர் கிரஹாம் கார் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 53 ஆண்டுகள் கழித்து. முறையிட்டவர்களுக்கு அன்றே காது கொடுத்திருந்தால் அந்த மன்னிப்புக்கே தேவை இருந்திராது.

அந்த 1968ஆம் ஆண்டை நான் இன்னொரு காரணத்துக்காகவும் சொல்கிறேன். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நம்மவர் நின்றார்கள். உள்ளே போகவிடுங்கள் என்று கேட்டு நின்றவர்களும் நம்மவர், குறுக்கே நின்று மறித்தவர்களும் நம்மவர். பொது இடங்களில் சாதியின் பெயரால் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இலேயே இலங்கையில் வந்துவிட்டது. பதினொரு ஆண்டு கழித்தும் கோயில் கதவு திறக்கவில்லை. கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம் மறித்தவர்களின் முன்னணியில் நின்றார். அதற்காக நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று கண்டது. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தில் ஒடுக்கப்பட்ட மக்களோடு மற்றச் சாதிகளிலிருந்து வந்த சிலரும் சேர்ந்து நின்றார்கள். உறவு முறிந்தது, ஊர் விலக்கியது, அப்படியும் நின்றார்கள். நம்மிடம் துணை நிற்றலின் மரபு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த மரபை நம் மேடைகளில் பேசுவதில்லை, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்தபோது விமானத்தில் சாதியும் கூடவே ஏறி வந்தது என்பதைக் கல்யாணப் பேச்சுகளில் கேட்டிருக்கிறோம். நம் சங்கங்களின் தலைவர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் பெண்கள் எத்தனை பேர், மலையகத்திலிருந்து வந்தவர் எத்தனை பேர், தமிழ் பேசும் முஸ்லிம்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் மற்றவர்களிடம் இடம் கேட்கும் நமது குரல் கொஞ்சம் தணியும். தன்பால் விருப்பமுள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த மண்டபத்தில் இடம் உண்டா என்றும் கேட்கிறேன். 1977 ஒக்ரோபரில் இந்த நகரில் ஒரு மதுக்கூடத்தில் பொலிஸ் புகுந்து 146 ஆண்களைக் கைது செய்தது. ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். டிசம்பரிலேயே கியூபெக் தன் மனித உரிமைச் சாசனத்தைத் திருத்தி அவர்களுக்கும் பாதுகாப்புக் கொடுத்தது. சட்டம் இரண்டு மாதத்தில் மாறியது. நம் வீடுகளில் சில பிள்ளைகள் இன்றும் ரகசியமாக அழுகிறார்கள்.

இனி நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பார்க் எக்ஸ்ரென்ஷனில் வாடகைக்கு இருக்கும் ஒரு அக்காவுக்கு மாசி மாதத்தில் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. முழுவதும் பிரெஞ்சு. வாடகையைக் கூட்டப் போகிறேன் என்பது விளங்கிற்று. கடைசியில் மூன்று சின்னப் பெட்டிகள், ஒன்றில் அடையாளமிட வேண்டும். முதலாவது, கூட்டிய வாடகைக்குச் சம்மதம். மூன்றாவது, வீட்டை விட்டுப் போகிறேன். நடுவில் இருந்ததை அவருக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. சம்மதிக்காவிட்டால் எழும்ப வேண்டியதுதான் என்று நினைத்து, முதலாவது பெட்டியில் பேனாவை வைத்துவிட்டார். அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பங்களாதேஷ் பெண்மணி வந்து தடுத்தார். நடுப்பெட்டி சொல்வது இதுதான்: கூட்டிய வாடகைக்குச் சம்மதமில்லை, ஆனால் வீட்டில் தொடர்ந்து இருப்பேன்.

கியூபெக்கில் இது சட்டம். ஒரு வருட ஒப்பந்தத்துக்கு, முடிவதற்கு மூன்று மாதம் முதல் ஆறு மாதம் முன்பு அறிவித்தல் வர வேண்டும். கிடைத்து ஒரு மாதத்துக்குள் பதில் எழுத வேண்டும். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று பொருள். மறுத்தால், வீட்டுக்காரர்தான் ஒரு மாதத்துக்குள் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அவர் போகாவிட்டால் பழைய வாடகையே தொடரும். புதிதாகக் கட்டிய கட்டடங்களுக்குச் சில ஆண்டுகள் விதிவிலக்கு உண்டு. மற்றப்படி இந்த உரிமை பெரும்பாலான வாடகைக் குடியிருப்பாளருக்கு உண்டு. குடியுரிமை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பங்களாதேஷ் பெண்மணிக்கு இது எப்படித் தெரியும்? வாடகைக் குடியிருப்பாளர் குழு ஒன்றின் கூட்டங்களுக்குப் போகிறவர் அவர். பார்க் எக்ஸில் 1986 முதல் அப்படியொரு குழு இயங்குகிறது. 2019இல் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகம் பக்கத்தில் திறந்தபின் அந்தப் பகுதியில் வாடகை நெருக்கடி கூடி, குழுக்களுக்கு வேலையும் கூடியது. அக்கா அந்த நடுப்பெட்டியில் அடையாளமிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். அடுத்த மாதம் அதே கட்டடத்தில் இன்னும் நாலு தமிழ்க் குடும்பங்களுக்கு அவரே பெட்டிகளை விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் குழுவின் பொதுக்கூட்டத்துக்குப் போய்க் கையுயர்த்தி வாக்களித்தார். நான் பொறுப்பு என்று சொல்வது இதைத்தான்.

வேலைத்தளத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. ஏஜென்சி வேலை என்றால் என்னவென்று இந்த மண்டபத்தில் விளக்கத் தேவையில்லை. விடியற்காலையில் மெற்றோ வாசலில் வான் வந்து ஏற்றிப் போகும். எந்தக் கிடங்கு, யார் முதலாளி என்று தெரியாது. பக்கத்தில் நிரந்தரமாக வேலை செய்பவருக்கு ஒரு கூலி, நமக்கு வேறு கூலி. 2000ஆம் ஆண்டில் பிலிப்பினோத் தொழிற்சங்கவாதிகள் சிலரும் பல்கலைக்கழக ஆசிரியர் சிலரும் சேர்ந்து கோட்-டெ-நேஜில் குடியேறிய தொழிலாளர் நிலையத்தைத் தொடங்கினார்கள். ஏஜென்சித் தொழிலாளரை ஒன்றுகூட்டி, அவர்கள் வாயாலேயே அவர்கள் நிலையைப் பத்திரிகைக்கும் அரசுக்கும் சொல்லவைத்தார்கள். பல ஆண்டு அழுத்தத்துக்குப் பிறகு 2018இல் கியூபெக் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியது. 2020 ஜனவரி 1 முதல் ஏஜென்சிகள் உரிமம் பெற வேண்டும். ஒரே வேலையைச் செய்பவருக்கு ஏஜென்சி மூலம் வந்தவர் என்பதற்காகக் குறைந்த கூலி கொடுக்கக் கூடாது. இந்தச் சட்டத்தால் பயன் பெற்ற தமிழ்த் தொழிலாளர் ஏராளம்.

துணை நிற்க நமது முறை வந்தபோது என்ன செய்தோம்? 2017 கோடையில் அமெரிக்காவிலிருந்து ஹெய்ற்றி மக்கள் எல்லையிலுள்ள ரொக்ஸ்ஹாம் வீதி வழியாக நடந்து வந்தார்கள். ஒலிம்பிக் மைதானத்தில் அவர்களுக்குக் கட்டில் போட்டார்கள். அப்போது நம் கடைகளில், கோயில் மதிய உணவு வரிசையில், "இவர்கள் வரிசையைத் தாண்டி வந்தவர்கள்" என்ற பேச்சு அடிபட்டது. 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கரையில் இறங்கிய தமிழரைப் பற்றி எழுந்த அதே பேச்சு! 2023 மார்ச் 25ஆம் திகதி அந்த வீதி வழி மூடப்பட்டது. கடலில் நம்மை ஏற்றிய கப்டன் அப்படிக் கேள்வி கேட்டிருந்தால் இந்த மண்டபம் இருந்திருக்காது. இந்த ஒரு விடயத்தில் நம் சமூகத்தின் மீது எனக்கு இருக்கும் மனவருத்தத்தை நான் மறைக்கப் போவதில்லை.

நாம் நிற்கும் இந்தத் தீவின் பூர்வகுடிகள் இதைச் சியோச்சியாகே என்று அழைக்கிறார்கள். பாலம் கடந்தால் அவர்களுடைய ஊரான கானவாகே. நம் நகரின் காபோட் சதுக்கத்தில் வீடில்லாமல் நிற்பவர்களில் பூர்வகுடி மக்களின் பங்கு அளவுக்கு மிஞ்சியது. அவர்கள் பெண்களுக்காக 1987இல் ஒரு தங்ககம் எழுந்தது. 2019இல் சதுக்கத்துக்கு அருகே ரெசிலியன்ஸ் மொன்றியல் என்ற பகல்நேர நிலையம் திறந்தது. நிலம் பறிபோன வலி தெரிந்தவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். கோயில் திருவிழாவில் மிச்சமாகும் சோற்றை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் சிலரை நான் அறிவேன், அவர்களை மதிக்கிறேன். ஆனால் முதலில் அங்கே கேட்க வேண்டும்: உங்களுக்கு எது தேவை, எந்த நாளில் தேவை என்று. அவர்கள் கேட்பது சோறாக இல்லாமல், குளிர்காலத்தில் இரவு விழித்திருந்து வேலை செய்ய ஆளாக இருக்கலாம்.

தொடக்கத்தில் கேட்ட நிர்வாகக் கேள்விக்குத் திரும்புகிறேன். கியூபெக் அரசு 2001இல் சமூகச் செயற்பாடு பற்றிய கொள்கை ஒன்றை வெளியிட்டது. சுயாதீன அமைப்பு என்று ஏற்பதற்கு அதில் நிபந்தனைகள் உண்டு: அந்த இடத்து மக்களின் முயற்சியால் பிறந்திருக்க வேண்டும், உள்ளே சனநாயகம் இருக்க வேண்டும், நிர்வாக சபை அரசிலிருந்து தனித்து இயங்க வேண்டும். இந்த நிபந்தனைகளின் நடைமுறைப் பொருள், உறுப்பினருக்கு வாக்கு உண்டு, ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்கூட்டம் உண்டு என்பது. பெரும்பாலான நிலையங்களின் பொதுக்கூட்டம் யூன் மாதத்தில் வரும். அந்தப் பகுதியில் வாழ்பவர் அல்லது அங்கே சேவை பெறுபவர் பல இடங்களில் உறுப்பினராகலாம். பத்து இருபது பேர் மட்டும் வந்து நிர்வாக சபையைத் தேர்ந்தெடுத்த கூட்டங்களைக் கண்டிருக்கிறேன். அத்தகைய கூட்டத்தில் மூன்று தமிழ்ப் பெண்கள் கையுயர்த்தினால் வரவுசெலவுத் திட்டத்தில் தமிழ் மொழிபெயர்ப்புக்கு ஒரு வரி சேரும்.

நமக்கு இன்னொரு வளமும் உண்டு, ரொறன்ரோத் தமிழருக்கு இல்லாதது. 1977இன் 101ஆம் சட்டத்தால் குடியேறியவர் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போனார்கள். அப்போது பெற்றோர் முணுமுணுத்தார்கள். இன்று அந்தப் பிள்ளைகள் தமிழும் பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசுகிறார்கள். 2022இல் வந்த 96ஆம் சட்டத்தின்படி, சில விதிவிலக்குகள் தவிர, குடியேறி ஆறு மாதம் கழிந்தவரோடு அரசு அலுவலகங்கள் பிரெஞ்சிலேயே தொடர்புகொள்ள வேண்டும். புதிதாக வந்து நிற்கும் குடும்பத்துக்கு, அது தமிழ்க் குடும்பமோ பஞ்சாபிக் குடும்பமோ, பிரெஞ்சு தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது இப்போது முன்னைவிட அவசியம்.

ஆகவே என் வேண்டுகோள்கள் மிகச் சாதாரணமானவை. பிரெஞ்சு தெரிந்த இளையவர்கள் இதற்காக இன்னொரு தமிழ்ச் சங்கம் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் வாடகைக் குழுவிலோ தொழிலாளர் நிலையத்திலோ பெயர் பதிந்து, அவர்கள் போடும் நேர அட்டவணைப்படி, அவர்கள் சொல்லும் வேலையைச் செய்யுங்கள். பெரியவர்கள் நம் சங்கங்களின் யாப்பைத் திருத்தி, நிர்வாக சபையில் பெண்களுக்கும் இளையவர்களுக்கும் இடம் ஒதுக்குங்கள். கூட்டம் நடக்கும் நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வையுங்கள், அப்போதுதான் தாய்மார் வருவார்கள். வார நாட்களில் பூட்டிக் கிடக்கும் நம் மண்டபங்களை ஹெய்ற்றி, பிலிப்பினோ, பூர்வகுடி அமைப்புகளுக்கு வாடகையின்றிக் கொடுங்கள், சாவியையும் சேர்த்து.

பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வாடகைக் கடிதங்கள் வரும். அந்த எட்டு வாரமும் சனிக்கிழமை காலையில் பார்க் எக்ஸிலும் கோட்-டெ-நேஜிலும் உட்கார்ந்து கடிதம் வாசித்துச் சொல்ல ஆட்கள் தேவை. வாசலில் இருக்கும் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். பெயரையும், வரக்கூடிய சனிக்கிழமைகளையும், தெரிந்த மொழிகளையும் எழுதிவிட்டுப் போங்கள்.